ஆலத்திமேட்டுப் பரிவேட்டை

ஆலத்திமேட்டுப் பெருமாளின் மரக்குதிரை, வேட்டைக்குப் போன இடத்திலேயே நின்று புல் மேயத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் காணும் பொங்கலன்று பெருமாள் டிராக்டரில் ஏறிப்போய்த் தம்முடைய குதிரையைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் அதே டிராக்டரில் திரும்பி வருவது வழக்கமாகிப் போயிருந்தது. டிராக்டர் வாடகை கோயில் செலவு, டீசல் உபயம். ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. அவமானமாகத்தான் பேசினார்கள்.

ஆலத்திமேடு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பஸ் நின்றால் உண்டு நிற்காவிட்டால் இல்லை என்கிற ஊர். நெல் விளைந்த நிலம் மனையாகி, மனை அடுக்குமாடியாகி, ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் வேலைக்கும் மீதிப்பேர் வாடகை வசூலுக்கும் போய்விட்டாலும், பரிவேட்டையை மட்டும் யாரும் கைவிடவில்லை. காணும் பொங்கலன்று பிற்பகல் பெருமாள் வில்லும் அம்புமாக வெள்ளைக் குதிரை வாகனத்தில் ஏறுவார். ஆட்கள் தண்டுக்குத் தோள் கொடுத்து, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமுள்ள முட்காட்டுக்குச் சுமந்து போவார்கள். வேட்டைக்காரன் வீடு என்று ஊரில் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு ஆண்பிள்ளை தலையில் பட்டர் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டுவார். அவன் வலையோடு புதருக்குள் போய் ஒரு முயலை உயிரோடு பிடித்துவந்து, பெருமாள் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டியதும் கற்பூரம் ஏற்றி, வேட்டை முடிந்தது என்று மேளம் கொட்டி, குதிரை வீடு திரும்பும். முயலைப் பெருமாள் பார்ப்பார், ஊர் சாப்பிடும். இதில் முயலைத் தவிர யாருக்கும் மனஸ்தாபம் இருந்ததில்லை.

பிறகு சட்டம் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். சட்டம் எப்போதோ வந்துவிட்டது, ஆலத்திமேட்டுக்கு வந்து சேரத்தான் நாளாயிற்று. காட்டு விலங்கைப் பிடித்தால் ஜெயில் என்று ஏரிக்கரையில் பலகை நட்ட வருஷம், காக்கிச் சட்டைக்காரர்கள் ஒரு ஜீப்பில் வந்து முட்காட்டு ஓரமாக நின்றார்கள். வேட்டைக்காரன் வீட்டுச் செங்கல்வராயன் அன்றைக்கும் பரிவட்டத்தோடு உள்ளே போனார், முயலும் அகப்பட்டது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர், ஒரு பக்கம் ஜீப்பையும் ஒரு பக்கம் ஊரையும் பார்த்தார். முயலின் நெஞ்சு அடித்துக்கொள்வது தன் முழங்கை வரைக்கும் தெரிந்தது என்று பின்னால் மகள் பஞ்சவர்ணத்திடம் சொன்னார். பெருமாளுக்கு நேரே வந்து தூக்கிக் காட்டுவதற்கு முன்பே கையைத் திறந்துவிட்டார். "புடிச்சேன், உட்டுட்டேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முயல் ஜீப்புக்கு அடியில் புகுந்து ஓடிப்போனது. பட்டர் வேறு வழியில்லாமல் வெறும் கற்பூரத்தைக் காட்டினார். ஆட்கள் தண்டைத் தூக்கினார்கள். குதிரை அசையவில்லை.

முதலில் தோளைக் குறை சொன்னார்கள், பிறகு தண்டைக் குறை சொன்னார்கள். பெருமாளை இறக்கிப் பார்த்தார்கள். அவர் எப்போதும் போல ஓர் ஆள் சுமக்கும் கனம்தான். குதிரைதான் பூமியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுநாள் எஸ்டேட்டிலிருந்து கிரேன் வந்தது. கம்பி அறவில்லை, குதிரையும் எழவில்லை, கிரேனின் பின்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழுந்தன. "சார், இது மரம் இல்ல, வேற இன்னாவோ" என்று சொல்லிவிட்டு டிரைவர் பாதி வாடகையோடு கிளம்பிப் போனார். அடுத்த வருஷம் பூசணிக்காயில் முயல் செதுக்கிக் காட்டினார்கள். குதிரை குளம்பு மறையும் அளவுக்கு மண்ணில் இறங்கியது. அதற்கடுத்த வருஷம் கடையிலிருந்து வெள்ளை வளர்ப்பு முயல் ஒன்றை வாங்கிவந்து புதருக்குள் விட்டு, பிடிக்கிறாற்போலப் பிடித்தார்கள். அது ஓடவே இல்லை, பிடிக்கப் போனவர் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. குதிரை முழங்கால் வரை இறங்கியது. பேட்டரியில் தலையாட்டும் பொம்மை மானைக் கொண்டுவந்த வருஷம் பட்டருக்கே வெட்கமாகி, கற்பூரத்தை ஏற்றாமல் மடியில் முடிந்துகொண்டார். அதற்குமேல் யாரும் எதையும் காட்டவில்லை.

குதிரை மேய்கிறது என்று மாடு மேய்க்கிறவர்கள் சொன்னபோது ஊர் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், கழுத்து எட்டும் தூரத்துக்குப் புல் வட்டமாகக் குறைந்திருந்தது, பின்னால் லத்தியும் கிடந்தது. மழையில் வெள்ளைப் பெயிண்ட் உரிந்த இடங்களில் மயிர் முளைத்தது. இதற்கெல்லாம் காரணம் செங்கல்வராயன் கையைத் திறந்ததுதான் என்று ஊர் கூடி முடிவு கட்டியது. பரிவட்டம் அவருடைய அண்ணன் மகன் கங்காதரனுக்குப் போயிற்று. கங்காதரன்தான் கோயில் தர்மகர்த்தாவும். அவர் பரிவட்டம் கட்டிக்கொண்டு டிராக்டரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தார். வேட்டையாட ஒன்றும் இல்லாத வேட்டைக்காரருக்கு மிடுக்கில் மட்டும் குறைச்சல் இல்லை. செங்கல்வராயன் கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். சாயங்காலமானால் ஒரு கட்டு அகத்திக்கீரையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு குதிரையிடம் போவார்.

மான்கள் வந்தது அதற்குப் பிறகு. எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒரு மார்கழி விடியலில் புள்ளிமான் கூட்டம் ஒன்று பெங்களூர் சாலையில் வரிசையாக நடந்துவந்து, வேலப்பன்சாவடி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நின்று, பச்சை விழுந்ததும் கிளம்பியதைக் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு மினிலாரி மட்டும் சிவப்பில் நிற்காமல் போய் அபராதம் கட்டியது. மான்கள் நேராக முட்காட்டுக்கு வந்து மரக்குதிரையைச் சுற்றிப் படுத்தன. குட்டி போட்டன, பெருகின. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற வழியில் பைக்கை ஓரம்கட்டி, மானும் குதிரையும் ஒன்றாக மேய்வதை ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மான் இருந்தால் வேட்டையும் வரும். முதலில் வந்தது நாட்டுத்துப்பாக்கி. சுட்ட சத்தம் பூந்தமல்லி வரைக்கும் கேட்டது, மான் காதைக்கூட அசைக்கவில்லை. சுட்டவன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால், அந்தக் குண்டு அவன் பையிலேயே சூடாகக் கிடந்தது. இன்னொருவனுக்கும் அப்படியே ஆனபின், சட்டைக்குப் பயந்து அவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அடுத்து வந்தது கேமரா. ஞாயிற்றுக்கிழமையானால் போரூரிலிருந்தும் அண்ணாநகரிலிருந்தும் கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் இலை அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள், ஆள் நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார்கள், புதருக்குள் கூடாரமடித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். வலை வைத்தவனும் புதருக்குள்தான் ஒளிந்தான், துப்பாக்கி வைத்தவனும் புதருக்குள்தான் ஒளிந்தான், இவர்களும் அங்கேயேதான் ஒளிந்தார்கள். ஆனால் மான் படத்தில் விழவில்லை. கண்ணுக்கு முன்னால் கொம்பும் புள்ளியுமாக நிற்கும். எடுத்துப் பார்த்தால் புல்லும் மரக்குதிரையும் மட்டும் இருக்கும். ராகேஷ் என்று ஒரு பையன், பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்கினவன், வெறும் புல்லை மட்டும் ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருந்தான். வேறு எங்கோ எடுத்த மானை ஒருவர் கம்ப்யூட்டரில் ஒட்டிப் பிரிண்ட் போட்டார். காலையில் பார்த்தால் பிரிண்டில் மான் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

செங்கல்வராயனின் ஒரே மகள் பஞ்சவர்ணத்துக்கு ஆவடி மார்க்கெட் சாலையில் போட்டோ ஸ்டுடியோ. புருஷன் மணவாளன் விழுப்புரம் பக்கத்து ஆள், ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலையில் பிட்டர். மாமனார் தனியாக இருக்கிறார் என்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஆலத்திமேட்டுக்கே வந்துவிட்ட நல்ல மனுஷன். செல்போன் வந்தபிறகு ஸ்டுடியோவுக்குக் கல்யாணம் காதுகுத்து எல்லாம் குறைந்துபோய், பாஸ்போர்ட் சைஸ் ஒன்றுதான் சோறு போட்டது. பள்ளிக்கூடம், பேங்க், பரீட்சை, பாஸ்போர்ட் என்று தொழிற்சாலைக் குடும்பங்கள் முழுக்க அவள் முன்னால் அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். எதிரே நீலத் திரை, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஒரு பவுடர் டப்பா. சீப்புக்கு நூல் கட்டாவிட்டால் மறுநாள் இருக்காது.

செங்கல்வராயன் ஒரு புரட்டாசியில் செத்துப்போனார். வேட்டைக்காரன் வீட்டில் சாவு விழுந்தால், பெருமாள் கழுத்து மாலையைத் தட்டில் வைத்து மேளத்தோடு கொண்டுவந்து சாத்தியபிறகுதான் பிணம் எடுப்பது வழக்கம். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். உச்சிவெயில் தாண்டியும் மாலை வரவில்லை. பஞ்சவர்ணம் அவிழ்ந்த தலையோடு கங்காதரன் வீட்டுக்கு நடந்துபோனாள்.

"அண்ணாத்தே, நைனா வாசல்ல கீறாரு. மாலை இன்னும் வர்ல."

"நான் இன்னாம்மா பண்றது, ஊரு கட்டுப்பாடு. குதிர ஊடு திரும்பட்டும், மாலையும் வரும்."

கடையில் வாங்கின சம்பங்கி மாலையோடு செங்கல்வராயன் போய்ச் சேர்ந்தார். பஞ்சவர்ணத்துக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஒரு உயிரை விட்டதற்கா இவ்வளவு, திருடினாரா, கோயில் சொத்தைத் தின்றாரா என்று கேட்டுக் கேட்டு மணவாளன் காதைப் புளிக்க வைத்தாள். அப்பா படத்துக்கு சந்தன மாலை, பிளாஸ்டிக் மாலை எதையும் போடவிடவில்லை. பெருமாள் மாலை வராமல் அந்தப் படத்துக்கு மாலை கிடையாது என்று சொல்லிவிட்டாள். அதற்குக் குதிரை வீடு திரும்ப வேண்டும். குதிரை திரும்ப, யாராவது வேட்டை முடித்துப் பெருமாளுக்குக் காட்ட வேண்டும். கங்காதரன் டிராக்டரை விட்டு இறங்கப்போவதில்லை, அந்த வீட்டில் இனி யாராவது என்றால் அவள்தான்.

சட்டம் கையைக் கட்டியிருந்தது, அவளுக்கும் உயிரைப் பிடிக்க மனசில்லை. தெரிந்த தொழில் ஒன்றுதான். மானைப் படமெடுத்துக் காட்டுவது என்று முடிவு செய்து, ராகேஷிடம் பெரிய லென்ஸை ஒருநாள் இரவல் வாங்கி, எல்லாரையும் போலப் புதருக்குள் குப்புறப் படுத்தாள். எல்லாருக்கும் விழுந்த அதே புல்தான் அவளுக்கும் விழுந்தது. அடுத்த வருஷமும் படுத்தாள். முள் குத்திக் கை வீங்கியதுதான் மிச்சம். கங்காதரன் டிராக்டரில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "பொம்பள புள்ளைக்கு இது இன்னா வேல" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் பிடிபட்டது ஸ்டுடியோவில்தான். மண்ணூர்பேட்டையிலிருந்து சௌம்யா என்று ஒரு பெண் பேங்க் பரீட்சைக்குப் படமெடுக்க வந்தாள். கூச்ச சுபாவம். கேமராவைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறாள், தோள் காதுக்கு ஏறிவிடுகிறது. பஞ்சவர்ணம் கேமராவை வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் தேடுகிறாற்போல முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். பின்னால் சீப்பு எடுக்கும் சத்தம் கேட்டது, பவுடர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்து "ம், எடுங்க ஆன்ட்டி" என்று குரலும் வந்தது. திரும்பினால், அந்தப் பெண் மகாராணி போல உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி பார்க்கிறவர்களைப் பார்க்கக் கூடாது என்பது ஸ்டுடியோ வைத்த நாள் முதலாக அவள் கைக்குத் தெரிந்த பாடம். அன்றைக்குத்தான் அது புத்திக்கும் தெரிந்தது. சௌம்யாவிடம் படத்துக்குக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டு, கடையைச் சீக்கிரம் மூடினாள்.

அந்த வருஷக் காணும் பொங்கல் காலையில், முட்காட்டுக்குள் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. மணவாளன் அதிலிருந்து நீலத் திரை, அதைக் கட்டக் கம்பு, வட்ட ஸ்டூல், ஆளுயரக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, வெள்ளைக் குடை போட்ட லைட், பேட்டரி, பிரிண்டர் எல்லாவற்றையும் இறக்கினார். ஸ்டூலில் மான் உட்காராது என்று அவர் சொன்னதால், அதில் பஞ்சவர்ணம் உட்கார்ந்துகொண்டாள். லீவு நாள் என்பதால் புதருக்குப் புதர் லென்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. ராகேஷ் ஒரு புதருக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. டிஸ்டர்ப் ஆவுது."

"இன்னா டிஸ்டர்ப் தம்பி? இத்தினி வருசமா உன் போட்டோல புல்லுதானே கீது. அது எங்கியும் போவாது."

அவள் எல்லாரும் பார்க்க, நட்டநடுவில், மான்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கேமரா மடியில் இருந்தது. மணவாளனையும் திரும்பி நிற்கச் சொன்னாள். அவர் திரைக்கம்பைப் பிடித்துக்கொண்டு கை கடுக்க நின்றார். வெயில் ஏறியது. "ஏம்மா, இது வருமா?" என்று மெல்லக் கேட்டார். "கஸ்டமர் வர்ற நேரத்துக்கு நாம கடையில கீறணும். வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்" என்றாள். இன்றைக்கும் புல்தான் என்றால் இனி ஊரில் தலைநிமிர முடியாது, நைனா படம் காலத்துக்கும் மொட்டையாகத்தான் தொங்கும். திரும்பிப் பார்த்துவிடலாம் என்று கழுத்து தானாகத் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே ஏரியைப் பார்த்தபடி இருந்தாள்.

முதலில் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கண்ணாடிக்கு எதிரே மூச்சு விடும் சத்தம். நூல் இழுபட்டு, சீப்பு கண்ணாடியில் டக்கென்று ஒருதரம் இடித்தது. பவுடர் டப்பா கீழே விழுந்து உருண்டது. யாரோ தும்மினார்கள், மணவாளன் இல்லை. புதருக்குள் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னது, பெரிய கொம்பன் மான் ஒன்று வந்து கண்ணாடியில் தன் முகத்தை இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் வைத்துப் பார்த்தது, கொம்பைச் சீப்பில் உரசிக்கொண்டது, பிறகு தானே நடந்துபோய் நீலத் திரைக்கு முன்னால் நின்றது என்பதுதான். குளம்பால் தரையை ஒருமுறை தட்டியது. பஞ்சவர்ணத்துக்கு அது போதும், கஸ்டமர் தயார் என்பது புரிந்தது. எழுந்து திரும்பினாள்.

"நேரா நில்லு சாமி. தலைய கொஞ்சம் இறக்கு. ரெண்டு காதும் தெரியணும்."

மான் தலையை இறக்கி, இரண்டு காதையும் விரித்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு படம் எடுத்தாள். பார்த்தாள். நீலப் பின்னணியில் மூக்கில் கொஞ்சம் பவுடரோடு கொம்பன் முழுசாக விழுந்திருந்தது. "ஆச்சு சாமி, போலாம்" என்று அவள் சொன்னபிறகுதான் அது நகர்ந்தது. புதர்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இலைச்சட்டைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மான்கள் ஓடவில்லை. ராகேஷ் வந்து கேமராவுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். பஞ்சவர்ணம் வழக்கப்படி ஒரு தாளுக்கு எட்டு காப்பியாகப் பிரிண்ட் போட்டாள். பழகின கை, தாளை வெட்டி உறையில் போடப் போனது. மணவாளன்தான் தடுத்து, சாமிக்கு முழுத் தாளாகவே காட்டலாம் என்றார்.

பிற்பகலில் டிராக்டர் வந்தது. பெருமாளைக் குதிரைமேல் ஏற்றி வைத்து, பட்டரும் ஏறிப் பிடித்துக்கொண்டார். குதிரை குனிந்து மேய்ந்துகொண்டேதான் இருந்தது. பஞ்சவர்ணம் தாளோடு முன்னால் வந்தாள். தலையில் பரிவட்டத்தோடு நின்ற கங்காதரன் தாளைப் பார்த்தார். எட்டு மானும் காதை விரித்துக்கொண்டு அவரைப் பார்த்தன.

"இன்னா பஞ்சு, பாஸ்போர்ட் போட்டோவக் காட்டி சாமிய எங்க அனுப்பப்போற?"

"ஊட்டுக்கு அனுப்பப்போறேன் அண்ணாத்தே."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், பாதிப்பேர் கங்காதரன் பக்கமும் பாதிப்பேர் அவள் பக்கமுமாகப் பேசினார்கள். இது வேட்டையா, வேட்டை என்றால் உயிர் வேண்டாமா, பூசணிக்காய்க்கே குளம்பு மறைந்ததே, காகிதத்துக்குக் கழுத்தும் மறைந்தால் என்ன செய்வது என்றார்கள். பஞ்சவர்ணம் குரலை உயர்த்தவில்லை. "பூசணிக்கா வேட்டை இல்ல, கடையில வாங்கினதும் வேட்டை இல்ல. எங்க நைனா நெசமா புடிச்சாரு, உட்டாரு. சாமிக்குக் காட்டல, அது ஒண்ணுதான் கொற. நானும் நெசமா புடிச்சேன், உட்டேன். இத காட்டுங்க. வேணாம்னா சாமி சொல்லட்டும், நீ சொல்லாத" என்றாள். பட்டர் மேலிருந்து கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். டிராக்டருக்கு டீசல் உபயம் செய்து அலுத்தவர்களும் காட்டுங்க சாமி என்றார்கள். பட்டர் தாளைப் பெருமாள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒரு பையன் கற்பூரத்தட்டை ஏற்றிக் கொடுத்தான்.

குதிரை மேய்வதை நிறுத்தியது. காதை ஆட்டியது. முன்கால் ஒன்றை மண்ணிலிருந்து உருவி, கொஞ்சம் யோசித்து, மற்றதையும் உருவியது. தோள் கொடுக்க ஓடிவந்தவர்கள் தண்டைப் பிடிப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. பட்டருக்கு இறங்க நேரமில்லை. ஒரு கையால் பெருமாளையும் ஒரு கையால் பிடரியையும் பிடித்துக்கொண்டார். மேளக்காரர்கள் ஓடிக்கொண்டே அடித்தார்கள். குதிரை ஏரிக்கரையேறிப் பெரிய சாலைக்கு வந்தது. பூந்தமல்லி பஸ்ஸும் ஆவடி பஸ்ஸும் நின்றன. கண்டக்டர் விசிலடித்து, இறங்குறவங்க இறங்கிப் பாத்துட்டு வாங்க, வண்டி நிக்கும் என்று சொன்னார். தண்ணி லாரிக்காரர் குழாயைத் திறந்து சாலையைக் கழுவினார். அடுக்குமாடிப் பால்கனிகளில் வட இந்தியக் குடும்பங்களும் விழுப்புரம் குடும்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள். மான் கூட்டம் ஊர் எல்லைவரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பியது. ராகேஷும் இலைச்சட்டைக்காரர்களும் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள், ஒருவர் கழுத்திலும் கேமரா இல்லை. பஞ்சவர்ணம் குதிரைக்குப் பின்னால் நடந்தாள். அழுகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை, மணவாளன் கைக்குட்டையை நீட்டியபோதுதான் தெரிந்தது. "நைனா இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

கோயில் வாசலுக்கு வந்ததும் கங்காதரன் தன் தலையிலிருந்த பரிவட்டத்தைத் தானே அவிழ்த்தார். அவர் கெட்டவர் இல்லை, தர்மகர்த்தா, அவ்வளவுதான். பட்டர் குதிரையிலிருந்து இறங்கி அதை வாங்கிப் பஞ்சவர்ணத்தின் தலையில் கட்டினார். பெண்பிள்ளைக்குக் கட்டலாமா என்று கேட்க ஒருவர் வாயைத் திறந்தார், குதிரை அவரைத் திரும்பிப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டார். பெருமாள் கழுத்து மாலையைத் தட்டில் வைத்து, கங்காதரனே அதைத் தலையில் சுமந்துகொண்டு சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். குதிரையும் பெருமாளைச் சுமந்தபடி, மண்டபத்துக்குள் போகாமல் பின்னாலேயே வந்தது.

செங்கல்வராயன் வீட்டு வாசலில், உள்ளே இருந்து அவர் படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருந்தார்கள். கங்காதரன் தட்டை இறக்கினார். பத்து வருஷத்துக்கு மேல் பச்சையைத் தின்று பழகின குதிரை கழுத்தை நீட்டி, துளசியும் மருக்கொழுந்துமாகப் பாதி மாலையை அங்கேயே தின்றுவிட்டது. கங்காதரன் பட்டரைப் பார்த்தார், பட்டர் பெருமாளைப் பார்த்தார். பஞ்சவர்ணம் மீதியை எடுத்து முடிச்சுப் போட்டு அப்பா படத்துக்குச் சாத்தினாள். மேளம் கொட்டினார்கள். அதன்பிறகுதான் குதிரை மண்டபத்துக்குப் போய்ப் பெருமாளை இறக்கிவிட்டுப் படுத்தது. தினமும் ஒரு கட்டுப் புல் போடுகிறார்கள், காணும் பொங்கலன்று தானே எழுந்து வருகிறது, பஞ்சவர்ணம் ஒரு மானைப் படத்தில் பிடித்துக் காட்டி விடுகிறாள்.

வேட்டைக்காரன் வீட்டுக்கு மட்டும் கோயில் மாலை பாதியாகத்தான் போகும் என்பது இப்போது ஆலத்திமேட்டு வழக்கம். மாங்காட்டிலிருந்து புதிதாக வந்த பட்டர் ஒருவர் விவரம் தெரியாமல், மணவாளன் ரிட்டயர் ஆன அன்றைக்கு முழு மாலையை அனுப்பி வைத்துவிட்டார். பஞ்சவர்ணம் அதை வாசலோடு திருப்பினாள். "இது ஊருல எல்லாருக்கும் குடுக்கறது. எங்க ஊட்டு மாலைய குடுத்தனுப்பச் சொல்லு" என்றாள். தட்டு மண்டபத்துக்குத் திரும்பிப் போய், குதிரை தின்றதுபோக மீதியோடு வந்தது. அதை வாங்கி மணவாளன் கழுத்தில் போட்டார்கள்.